குருவி போட்ட முடிச்சு

புவனகிரியில் அரிசி ஆலை வைத்தேன். செங்கல் சூளை இரண்டு. கடைத்தெருவில் மாடி வீடு. மூன்றாம் வகுப்போடு நின்றவன், வெள்ளாற்றுச் சம்புக்கோரை வெட்டிய கையால் எழுப்பியவை இவை. அப்படிப்பட்ட நான் ஒரு பேராசிரியரின் புத்தகத்தில் வெறும் ‘தோணி தள்ளிய கூலியாள்’. அது இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆவணியில் அவர் சிதம்பரத்திலிருந்து கோரைக்குருவியைத் தேடி வந்தார். பனையில் கூட்டைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவிக்கு இது பங்காளி. ஆணுக்கு உச்சந்தலை மஞ்சள், மார்பில் கறுப்புக் கோடுகள். தண்ணீரில் நிற்கும் சம்பிலேயே கூடு பின்னும். எந்தத் திட்டில் இருக்கும், எப்போது பாடும், எல்லாம் நான்தான் தோணியில் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

கோரை வெட்டுகிற எங்களுக்கு ஒரு வழக்கம். கூடு இருக்கும் இடத்தில் சம்பு நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போடுவோம். பின்னால் வருகிறவன் அங்கே அரிவாள் வைக்க மாட்டான். இதை மட்டும் அவர் கேட்கவில்லை.

மறு வருடம் அச்சாகி வந்த புத்தகத்தை என் மச்சான் படித்துக் காட்டினார்.

“மச்சான், மழை எறங்காம இருக்க குருவியே நுனிய முடிச்சுப் போடுதாம்! ஒனக்கு ரெக்க மொளச்சிடுச்சு போ!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்திருந்தேன். அடுத்த ஆவணியில் பேராசிரியர், பட்டணத்துப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்த அதிசயத்தைக் காட்ட வந்தார். வருவதாக முன்பே சொல்லியனுப்பியிருந்ததால் முதல் நாளே போய், கூடே இல்லாத திட்டில் முப்பது முடிச்சுப் போட்டு வைத்தேன்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். கூடு இல்லை, இறகுகூட இல்லை. பேராசிரியருக்கு வேர்த்தது. நான் துடுப்பை வைத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரே ஒற்றைக் கையால் ஒரு முடிச்சுப் போட்டேன்.

“இந்தக் குருவிக்கு மீச உண்டு சார்.”

பட்டணத்தார் தோணி ஆடச் சிரித்தார்கள்.

“ஏன்யா அப்பவே சொல்லல?” என்றார் பேராசிரியர்.

“நீங்க எங்க சார் கேட்டீங்க?”

அடுத்த பதிப்பில் முடிச்சை எடுத்துவிட்டார். கூலியாளை எடுக்கவில்லை. இன்றும் பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை அச்சுப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோரைக்குருவியை அவருக்குக் காட்டியவன் நான். முதல் பக்கத்தில் என் பெயரை, ஊரோடு, பெரிய எழுத்தில் போடுங்கள்.