அண்ணா குப்புற வைத்த அட்டைகள்

அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இதை எழுதுவது அவருடைய ஒரே தங்கை. சுங்கத்தில் வேலை செய்த காலமெல்லாம் மற்றவர்களுடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவள் நான். ஓய்வு பெற்றும் அந்தச் சந்தேகக் குணம் போகவில்லை. மீன்காரரின் தராசிலும் ஐமிச்சம், மேல்மாடிக்காரரின் சிரிப்பிலும் ஐமிச்சம். "உனக்கு ஞானஸ்நானம் குடுத்த தண்ணியிலையும் உனக்கு ஐமிச்சம்தான்" என்று அண்ணா பகிடி பண்ணுவார். அந்த ஐமிச்சம் கடைசியில் என்ன செய்தது என்பதை மறைக்காமல் எழுதப் போகிறேன்.

அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். எங்கள் அப்பா கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது காய்ச்சல் கண்டு ஒரு கிழமையில் போய்விட்டார். அம்மா பாடசாலைச் சீருடை தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். தைத்து முடித்த உடுப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அண்ணா பள்ளிக்கூடம் போவார். குருமடத்துக்குப் போகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அவருக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

குருவான பிறகு மலைநாட்டுத் தோட்டப் பங்குகளில் நெடுங்காலம் இருந்தார். தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு ஏறி இறங்கியே அவருடைய முழங்கால் போனது. சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். செருப்பு அறுந்தால் தைத்துப் போடுவார். அவருக்கு இருந்த ஒரே ஆசை, நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் அச்சடித்து விற்ற படத் தபாலட்டைகளைச் சேர்ப்பது. ஒரு துரையின் பழைய பங்களாவைக் காலிசெய்தபோது குப்பைக்குப் போகவிருந்த சப்பாத்துப் பெட்டி ஒன்றில் தொடங்கிய ஆசை அது. கொழும்புத் துறைமுகம், நீராவிக் கப்பல், ரிக்‌ஷா, கடலோர ரயில்பாதை என்று ஒவ்வொன்றிலும் கையால் பூசிய வர்ணம் இருக்கும். மறுபக்கம் ராசாவின் தலை போட்ட முத்திரை, அதன் பக்கத்தில் "இங்கே வெக்கை தாங்கவில்லை, நேற்று யானை பார்த்தோம்" என்று சீமைக்கு எழுதிய இரண்டு வரி.

பாரிசவாதம் வந்த பிறகு, ஆயரிடம் அனுமதி கேட்டு அவரை வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்குக் கூட்டி வந்தேன். நான்கு அல்பங்களும் கூடவே வந்தன. மூன்றில் படங்கள் மேலே தெரிந்தன. நாலாவதில் எல்லா அட்டைகளும் குப்புறக் கிடந்தன, விலாசமும் முத்திரையும் மட்டுமே தெரிந்தன.

"என்னண்ணா, இதுகள் மட்டும் ஏன் கவிண்டு கிடக்குது?"

"எழுத்து வடிவாயிருக்கு. அதைத் தொடாதை" என்றார்.

எழுத்து ஒன்றும் வடிவாயில்லை, கோழி கிளறினது போலத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணா தொடாதே என்றதை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

வியாழக்கிழமைகளில் தெஹிவளையிலிருந்து நிஸாம் ஹாஜியார் வருவார். அச்சகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரும் அட்டை சேர்ப்பவர். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார்கள். அவர் போன பிறகு பார்த்தால் முதல் மூன்று அல்பங்களில் இடம் காலியாகியிருக்கும். நல்ல நல்ல துறைமுகப் படங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமற் போயின. கை இழுத்துக் கிடக்கும் மனுசனை ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் புறப்படும்போது வாசலில் மறித்தேன். "ஹாஜியார், பையை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் தரையில் வைத்துத் திறந்தார். உள்ளே மருந்துக் குளிசைப் பெட்டி, தொப்பி, ஒரு கடித உறை. உறைக்குள் ஆறு அட்டைகள்.

"நான் களவெடுக்கல்ல மிஸ். ஃபாதர்தான் தந்த."

உள்ளேயிருந்து அண்ணா, "நான்தான் குடுத்தனான், விடு பிள்ளை" என்றார். என் ஐமிச்சத்தை நான் விடவில்லை. ஏமாந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை அவர் வழமைபோல வந்து, நான் கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனார்.

கார்த்திகை மாதத்தில் இறந்தவர்களுக்காக வேண்டும்படி எங்கள் கோயில்களில் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் அண்ணாவால் எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பா, அம்மா பெயருக்குப் பிறகு, "கூடை வைச்ச பிள்ளை, கண்ணை மூடின பிள்ளை, இடது காதிலை தோடில்லாத பிள்ளை" என்று இரண்டு பக்கம் சொன்னார். அவருக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்து மறுநாளே டொக்டரிடம் கேட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் அண்ணா அமைதியாகக் கண்மூடினார்.

செத்தவீட்டில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் நான் சொன்ன கதை உங்களுக்கு நினைவிருக்கும். "அண்ணாவின்ரை அட்டைகளைத் தெஹிவளை ஆள் சுருட்டிப்போட்டார்." இதை வாசிப்பவர்களில் பாதிப்பேருக்கு நான் என் வாயாலேயே சொன்னேன். ஹாஜியார் வந்தார். ஆனால் மேலே ஏறி வரவில்லை. பெட்டி இறங்கும்வரை ஒழுங்கை முனையில் வெயிலில் நின்றார். குற்றமுள்ள நெஞ்சு என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகுதான் நாலாவது அல்பத்தை எடுத்து முதல் அட்டையைத் திருப்பினேன்.

ஒரு பெண். சட்டையில்லாமல், வர்ணத்திரைக்கு முன்னால், கூடையோடு நிறுத்தி எடுத்த படம். பதினாறு வயதிருக்கும். கீழே ஆங்கிலத்தில் "தமிழ்க் கூலிப் பெண்" என்று மட்டும் அச்சடித்திருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அதுவும் அப்படியே. அல்பம் முழுக்க அரைகுறை உடுப்பில் எங்கள் பெண்கள்.

ஐயோ, ஒரு குருவானவர், என் அண்ணா, இதையா ஒளித்து வைத்திருந்தார்? யாராவது கண்டால் அவருடைய பெயர் என்னாகும்? குசினிக்குப் போய் காஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். முதல் அட்டையை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் அல்பத்தில் செருகியதால் மறைந்திருந்த விலாசப் பக்கத்து மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அண்ணாவின் கையெழுத்து. "கூடை வைச்ச பிள்ளை."

அடுப்பை அணைத்துவிட்டு ஹாஜியாருக்கு டெலிபோன் எடுத்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ, என்ரை அண்ணா எப்படிப்பட்ட ஆள்?"

தெஹிவளையிலிருந்து உடனே புறப்பட்டு வந்தார்.

"ஃபாதர் தோட்டத்துல இரிக்கக்குள்ள ஒரு வயசான பொம்புள இந்தக் கார்ட் ஒன்டக் கண்டு, சீலத் தலப்பால மூடி வெச்சாம் மிஸ். அன்டையிலிருந்து ஃபாதருக்கு கார்ட் சேக்கிற ஆம்புளைகள் இதுகள மேசயில போட்டுச் சிரிக்கிறதத் தாங்க ஏலா. துறைமுகம், ரயில் எல்லாத்தயும் குடுத்து இதுகள மாத்தி எடுத்துத் தாங்க என்டு சொன்ன. நான் போய் மாத்திக் கொண்டு வந்த. அவ்வளவுதான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"தங்கச்சி பாத்தா அழும், சொல்ல வாணாம் என்டு ஃபாதர் சொன்ன."

அவர் சொன்னதையும் நான் அப்படியே நம்பவில்லை. நுகேகொடையில் அட்டை மாற்றும் ஒருவரின் எண்ணை வாங்கிச் சிங்களத்தில் விசாரித்தேன். "அந்த ஃபாதரா? மூன்று துறைமுகத்துக்கு ஒரு பொம்பிளை. பெரிய ரசிகர் என்று நாங்கள் சிரிப்போம், அது அவருக்கும் தெரியும்" என்றார். ஆக, அந்தச் சிரிப்பையும் தெரிந்தே வாங்கிக்கொண்டு அண்ணா மாற்றியிருக்கிறார். அன்றுதான் அழுதேன். சீ, நானும் ஒரு தங்கச்சியா என்று என்னையே திட்டித் திட்டி அழுதேன்.

இந்த மலரில் அட்டைப் படம் ஒன்றாவது போடலாமே என்று சிலர் கேட்டீர்கள். போடமாட்டேன். நாலாவது அல்பம் அண்ணா வைத்தபடியே இருக்கும்.

அண்ணாவைக் கைத்தாங்கலாய்க் குளிப்பாட்டிய தாதிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த டொக்டருக்கும், பெட்டியைப் படியால் இறக்கிய மேல்மாடி வீட்டாருக்கும், பாடற்குழுவினருக்கும், தேநீர் ஊற்றித் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நிஸாம் ஹாஜியாருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் தகுதியில்லை. அவர் கள்ளன் அல்ல. நான் சொன்னது பொய். எத்தனை பேரிடம் சொன்னேனோ அத்தனை பேர் கைக்கும் இந்தத் தாள் வரும் என்பதால்தான் இதை இங்கே எழுதினேன். முதற் பிரதியை நானே தெஹிவளைக்குக் கொண்டுபோய், அவருடைய மனைவி மக்கள் முன்னால் இந்தப் பக்கத்தைச் சத்தமாய் வாசிப்பேன். ஹாஜியார், வாசித்து முடிக்கும்வரை என்னை உள்ளே வா என்று கூப்பிட வேண்டாம். வெளியிலேயே நிற்கிறேன்.