எந்த வரேன்?

துரை பங்களாவில் நான் சமையல் வேலைக்குச் சேர்ந்ததே கோபத்தில்தான். தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரக்கட்டையால் முட்டுக் கொடுக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. அந்த வேலையை மேற்பார்வை பார்ப்பவர் துரை. "தொரை தனியா கீறாரு. ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துக்குறாரு. நீ போய்க் கொஞ்சம் பொங்கிப் போடு" என்று, என்னைக் கேட்காமலேயே ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கேட்காமல் ஒத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. அது எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

துரை வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. அதனாலேயே மற்றத் துரைமார் இவரோடு அவ்வளவாக ஒட்டமாட்டார்கள். ஊர் சுவிட்சர்லாந்து. அந்தப் பேர் என் வாயில் நுழையாததால் 'சுச்சர்' என்று வைத்துக்கொண்டேன். சின்ன நாடாம். கடலே கிடையாதாம், மலையும் மாடும் மரமும்தானாம். சுரங்கக் குழி ஷாஃப்டில் ஆட்களோடு கத்திக் கத்தி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் புரிந்துவிடும்.

நான் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஊர் ஞாபகம் வரும். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு ஆரம்பிப்பார். "எங்க ஊர் காத்து நல்லா. தூசி இல்லே. அங்க மரம் அறுக்கிற மில் வாங்கும். உன் புருஷன் பங்கு, என் பங்கு. நீயும் வரும்?"

எனக்குப் பாதிக் காதுதான் அங்கே இருக்கும். சங்கு ஊதி ஷிஃப்ட் விட்டிருப்பார்கள். வீட்டில் உலை வைக்கவேண்டும், எங்களோடு இருந்த என் அம்மாவுக்குச் சாயங்காலத்தில் கண் சரியாகத் தெரியாது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு "வரேங்க தொரே" என்று சொல்லி நடையைக் கட்டுவேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோகும். பாவம், பேச ஆளில்லாத மனுஷன், போய்வருகிறேன் என்று சொன்னதற்கே இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் துரை ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதன்மேல் கம்பளிப் போர்வை ஒன்றை மடித்து வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து என் கால் செருப்பைக் கண்டதில்லை.

"இன்னா தொரே இது?"

"அங்க பனி. கால் குளிர். அடுத்த மாசம் கப்பல்."

"யாருக்குக் கப்பலு?"

"நமக்கு!" என்றார் துரை. "நீ தினம் சொன்னது, வரேன், வரேன். உன் புருஷன் கழனி வித்து மில்லுல பங்கு போட்டாச்சு."

பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு லைன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, ஊர்ல கீற கழனிய வித்துட்டியாமே?"

"எங்கண்ணனாண்டதான் குடுத்தேன்" என்றார், கழனி பக்கத்து அறையில் இருப்பதுபோல. "தொரை கேக்கும்போதெல்லாம் நீ வரேன்னு சொன்னியாமே. அவுரு ஒரே குஷி."

"வரேன்னா கெளம்புறேன்னு அர்த்தம்! அது அந்தாளுக்குத் தெரியாது. உனுக்குமா தெரியாது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மே" என்றார்.

கையில் இருந்த சொம்பை அவர்மேல் எறியாமல் விட்டதற்கு இன்றைக்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. "பின்ன ஏன்யா வாயத் தொறக்கல?"

"கேட்டா, எங்கம்மாவ உட்டுட்டு வரமாட்டேன்னுவே. அப்புறம் நான் இன்னா பண்றது?" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். "கேஜ் கூண்டுலேர்ந்து எறங்கி வேலை எடத்துக்குக் குந்திக் குந்திதான் போறேன். தொரைதான் இதக் கண்டுபுடிச்சாரு. அவுரு ஊரு காத்துல இது அடங்குமாம்."

அந்த இருமல் எனக்குப் புதிதில்லை. என் அப்பாவும் கல் தூசியைத் தின்று இப்படித்தான் இருமினார், இருமியே போனார். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கடியில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் துரையிடம் விஷயத்தை உடைத்தேன். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, அது திரும்பி வராதவர் சொல்கிற சொல், அதனால்தான் 'வரேன்' என்கிறோம் என்று விளக்கினேன். அவர் முகம் சிவந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எல்லா நாளும் நீ போறது சொன்னது" என்றார் மெதுவாக. பிறகு, "தப்பு என்மேலே. நீ வராதே. நான் அங்க போய்ப் பங்கு வித்துத் திருப்பிக் குடுக்கும்" என்றார். ஏமாந்துபோன மனுஷன் என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முடிவு செய்தது நானும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. எங்கள் சண்டை முழுவதையும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான்.

"உங்கப்பன் இருமுனப்போ போறதுக்கு ஒரு எடம் இருந்துதா? இவனுக்குக் கீது. இஸ்துகினு போ" என்றாள்.

"நீ?"

"நான் எங்கடி வருவேன், கப்பலு கம்பளின்னு? என் தங்கச்சி வூட்டுல குந்திக்குறேன். கொஞ்ச நாளு பொறுத்து வந்து என்னைப் பாரு."

மாரிகுப்பத்திலிருந்து பவுரிங்பேட்டைக்கு அப்போதுதான் ரயில் விட்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பிய அன்று ஸ்டேஷன் மரத்தடுப்பு ஓரமாக அம்மா நின்றாள். பூட்ஸ் காலோடு அவள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் குனிந்து பூட்ஸைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள்.

"வரேம்மா" என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்த துரை நின்றுவிட்டார். அம்மாவுக்குக் கேட்காமல், என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இது எந்த வரேன்?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "வர்ற வரேன், தொரே!"

சுச்சர் காற்றைப் பற்றித் துரை சொன்னது பொய்யில்லை. ஒரே குளிர்காலத்தில் வீட்டுக்காரரின் இருமல் பாதி அடங்கியது. மில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிற அளவுக்குத் தேறினார். ஊருக்குப் போய்வரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் பேசினோம். ஒரு வருஷம் மில் சக்கரம் உடைந்தது, ஒரு வருஷம் நான் பிள்ளை பெற்றேன், ஒரு வருஷம் சும்மாவே தள்ளிப்போட்டோம்.

அம்மா போய்ச் சேர்ந்த சேதி வந்த அன்று வீட்டுக்காரர் மில்லிலிருந்து மேட்டில் ஓடியே வந்தார். இருமவில்லை. அவர் மூச்சைக் கேட்டுத்தான் நான் உடைந்து அழுதேன். துரையும் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை வாசலில் நின்றார். கிளம்பும்போது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, திருத்தமான தமிழில் "வரேன்மா" என்றார்.

மறுநாள் விடியும்போது பால் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

நான்தான் வரவில்லை, அம்மா.