அணைத்து வைத்த அடுப்பு

ஒரு பெண்ணின் அடுப்பின்மேல் நான் பொய்ப்பழி போட்டேன். அது எரியவில்லை என்று தெரிந்தே போட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், செங்கல்பட்டு நகருக்குள் பகலில் லாரிகள் நுழையக்கூடாது என்று தடை வந்தது. அதனால் காற்று சுத்தமானதா என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. படத்தில் முன்பு மாசு மிகுதியைக் காட்டும் சிவப்பாக இருந்த கட்டம் தடைக்குப் பின் மஞ்சளானது. அதிகாரிகளுக்குத் திரையில் காட்டினேன், கைதட்டினார்கள். அந்த ஒரே கட்டத்துக்குள் நகரமும் சுற்றியுள்ள கிராமங்களும் அடக்கம் என்பதையோ, அந்த வாரங்களில் கடற்காற்று பலமாக அடித்ததையோ நான் சொல்லவில்லை.

சரிபார்ப்பதற்காக, திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு பஞ்சர் கடையின் மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவி வைத்திருந்தோம். உள்ளே புகையையும் தூசியையும் பிடிக்க வெள்ளை வடிதாள். நகருக்குள் போக முடியாத லாரிகள் அந்தக் கடை முன்னால்தான் மாலைவரை நின்றன. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று இஞ்சினை ஓடவிட்டபடியே ஓட்டுநர்கள் தூங்கினார்கள்.

கடைக்குப் பின்னாலேயே குடியிருந்த கடைக்காரரின் மனைவிக்கு இளைப்பு. விறகுப் புகை தாளில் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

“மிசினு ஓடுற நாள்ல அடுப்பே பத்த வெக்கறதில்ல சார்,” என்றார் அந்த அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

“அதான் எனக்கு நாஸ்தாவுக்கும் பழையது, மத்தியானத்துக்கும் பழையது,” என்றார் கணவர்.

“தின்னு நல்லா கொழுத்துதான கீற?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதினா லாரிய வேற எங்கனா நிறுத்துவாங்களா சார்?”

“எழுதறேம்மா,” என்றேன்.

வாராவாரம் தாள்கள் கன்னங்கரேலென்று வந்தன. அவற்றைக் கணக்கில் சேர்த்தால், கைதட்டியவர்கள் முன்னால் நான் என் படத்தையே மறுக்க வேண்டும். ‘வீட்டு அடுப்புப் புகை கலந்தது, விலக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுத் தாள்களைக் குப்பையில் போட்டேன். தடை நிரந்தரமானது. லாரிகளும் அங்கேயே நின்றன. மூன்றாம் வருடம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே அந்த அம்மாவின் மூச்சு நின்றது.

அதன்பிறகுதான் அறிக்கை பொய் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். ‘தாள்களை அனுப்பவும்’ என்று பதில் வந்தது. தாள்கள் ஏது?

மறுபடி அளக்க அனுமதி வாங்கிக் கருவியோடு போனேன். இதற்குள் புதிய சாலை திறந்து, லாரி வரிசை வேறொரு ஊர் முன்னால் போய்விட்டிருந்தது. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னா எழுதுன? அவ அடுப்புன்னா?” என்றார். அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் பேசியவர். பிறகு மாடிப்படியைக் காட்டி, “வெச்சுட்டுப் போ,” என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தாளை எடுத்தேன். வெளுப்பாக இருந்தது. கடைக்காரர் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மருமவ மூணு வேளையும் வெறகுலதான் ஆக்கினுகீது. அடுப்பு எரிஞ்சுகினேதான் இருந்துச்சு. எங்க உன் பொக?”

அவர் சொன்னதை அப்படியே எழுதி, அந்தத் தாளையும் வைத்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அந்த இடத்தில் காற்று சுத்தமாக இருப்பது தாளிலிருந்து உறுதியாகிறது, முந்தைய அறிக்கையைத் திருத்தத் தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது.

கடிதத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே இருந்தார்.