இருபது பேருக்கு மேல் இடமில்லை

1. இருபத்தைந்து நிமிடம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்ற பதினான்காம் மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். ஷிஃப்ட் குறிப்புகள் இனி வெளியார் சர்வருக்குப் போகக்கூடாதாம். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஆன்லைன் ஷீட் நம் சர்வரிலேயே ஓட வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று கன்டெய்னர்: மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தருவார்கள், இறக்கி ஓடவிட்டால் போதும். மற்றது சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: மூல நிரலை எடுத்து நாமே கட்டுவது. நான் கன்டெய்னரை ஏற்றினேன். இருபத்தைந்து நிமிடம். இவ்வளவு சுலபமாக முடியக்கூடாதே என்று அன்று முழுவதும் கவலைப்பட்டேன்.

கவலை மூன்றாம் நாள் பலித்தது. அந்த இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் இருபது பேர்தான் எழுதலாம். பிறகு வருகிறவர் பார்க்கலாம், எழுத முடியாது. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது போகிற சூப்பர்வைசர்கள் பதினொருவர், வருகிறவர்கள் பதினொருவர், எல்லோருடைய குறிப்பையும் தொகுத்து முடிக்கிற பிளானிங் கிளார்க் ஸ்டெல்லா ஒருவர். ஆக இருபத்து மூன்று. மூன்று பேர் வெளியே. கடைசியில் எழுதுகிறவர் என்பதால் ஸ்டெல்லா தினமும் அந்த மூவரில் ஒருவர்.

2. இட்லியும் நெல்லும்

ஸ்டெல்லா என் மேசைக்கு வந்தார். "ரெண்டு இருவத்தஞ்சு பஸ்ஸ வுட்டா திருவள்ளூருக்கு நேரத்துக்குப் போவ முடியல சார். திங்களும் வியாழனும் பாப்பாவுக்கு ஸ்பீச் தெரபி. ஆறு வயசாவுது. இதுவரைக்கும் ஏழு வார்த்தைதான் பேசுது."

"என்னென்ன வார்த்தை?"

விரல் விட்டு ஏழையும் சொன்னார். டயரியில் எழுதிக்கொண்டேன்.

இருபது என்ற அந்த எண் மூல நிரலில் ஓர் இடத்தில் இருக்கிறது. அதை மாற்றி நாமே கம்பைல் செய்துகொள்ள உரிமம் இடம் தருகிறது. ஆரம்பித்தேன். ஒருமுறை கட்டி முடிக்க, அதாவது ஒரு பில்டுக்கு, நான்கு மணி நேரம். ஒன்பது நாளில் பதினான்கு பில்ட். ஆறு முறை மெமரி போதவில்லை, ஐந்து முறை துணை நிரல்களான லைப்ரரிகளின் வெர்ஷன் ஒத்துவரவில்லை, மூன்று முறை காரணமே தெரியவில்லை.

இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் பிரிவின் சூப்பர்வைசர் முனுசாமி டீக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, ஓட்டல்ல இட்லி ரெடியா கீது. நீ இன்னாத்துக்கு நெல்லு வெதைச்சிக்கினு கீற?"

"அந்த இட்லி இருபது பேருக்குத்தான்யா வருது."

அந்த ஒன்பது நாளில் மூன்று தெரபி தவறிப்போயிற்று. எனக்கு எண்ணத் தெரியும்.

3. மூடக்கூடாத ரிஜிஸ்டர்

பதினான்காவது பில்டும் விழுந்த மதியம், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்ல, இயந்திரங்கள் ஓடும் ஷெட்டுக்குப் போனேன். மணி இரண்டு. முனுசாமி சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார். அவர் கணினியில் ஷீட் திறந்தபடியே இருந்தது.

"மூடலயா முனுசாமி?"

"அதெப்டி மூடறது? அடுத்த ஷிஃப்ட்டு கையெழுத்து போடாம ரிஜிஸ்டர மூடக்கூடாதே. நீதான நைனா எழுதி ஒட்டுன?"

நான்தான். காகித ரிஜிஸ்டர் காலத்தில் நானே டைப் அடித்து ஒட்டிய விதி அது. பதினொரு கணினியையும் சுற்றி வந்தேன். பதினொன்றிலும் ஷீட் திறந்து கிடந்தது, முன்னால் ஆளில்லை. திறந்து கிடந்த ஒவ்வொன்றும் இருபதில் ஓர் இடத்தைப் பிடித்திருந்தது. வருகிறவர்களோ தனித்தனி டேப்லெட்டில் திறந்துகொண்டு லைனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மூடினா எழுதுனது பூடாதா?" என்றார் முனுசாமி.

"போவாது." மூன்று முறை மூடித் திறந்து காட்டினேன். நான்காவது முறை அவரே செய்து பார்த்தார்.

'எழுதியதும் மூடவும், அழியாது' என்று பதினொரு இடத்தில் ஒட்டினேன். மறுநாள் இரண்டு மணிக்கு ஷீட்டில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஸ்டெல்லா இரண்டு பதினைந்துக்கே பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். கன்டெய்னர் அப்படியே ஓடுகிறது. கம்பைல் செய்ததையெல்லாம் அழித்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: கம்பைல் செய்வது தவறில்லை, சில சமயம் அது ஒன்றே வழி. ஆனால் மூல நிரலைத் திறக்குமுன் ஒருமுறை ஷெட்டுக்குப் போய்ப் பாருங்கள். நான் இருபத்து மூன்று பேரை மேசையிலிருந்தே கூட்டினேன். போய்ப் பார்க்க ஒன்பது நாள் ஆயிற்று.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா என் மேசையருகே நின்றார்.

"எட்டு சார்."

"என்ன வார்த்தை?"

"'வா'. நேத்து தெரபிக்கு நான் போய் எறங்கறப்போ, அங்க கேட்டாண்ட எனக்காவ நின்னுக்கினு சொல்லிச்சு."

டயரியைத் திருப்பி, அந்த ஏழுக்குக் கீழே எழுதினேன்.