தள்ளி வைத்த தம்ளர்

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தபோது தாமரைச்செல்விக்குப் போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். போன மாதம் ஊரில் நடந்த முகாமில், முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ச் சோதனை செய்திருந்தார்கள். பேசியது அந்த முகாமுக்கு வந்திருந்த நர்ஸ்.

“ஹெச்.பி.வி. பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா. பயப்படாதீங்க. இன்னொரு சோதனை இருக்கு, மதுரைக்கு வாங்க.”

பக்கத்தில் நார் கிழித்துக்கொண்டிருந்த ஒச்சாயி, தாமரையின் கணவன் ராஜபாண்டியின் அக்காள். அவள் காதில் ‘பாசிட்டிவ்’ மட்டும்தான் விழுந்தது. நடு எழுத்தை அவளே மாற்றி, ஹெச்.ஐ.வி. என்று போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தாமரையின் தம்ளர் அடுப்படியை விட்டுத் துவைகல்லுக்குப் போனது.

“எந்தம்பி கேரளாவுக்கு வெத்தல லோடு ஓட்டி ஒன்னயக் காப்பாத்துறான். நீ எங்கிட்டுப் போயி இத வாங்கியாந்த?”

“அது எய்ட்ஸ் இல்ல மதினி. எழுத்து வேற.”

“எழுத்தப் பாத்தா வியாதி வருது?”

லோடு வண்டியோடு ஊரூராய்ச் சுற்றுகிறவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனோ போனில், “யாருகிட்ட இருந்து வந்துச்சு?” என்றான். பதிமூன்று வயது மகளைத் தாயோடு படுக்க விடவில்லை ஒச்சாயி. நாளைக்கு மகளின் தம்ளரும் துவைகல்லுக்கு வருமோ என்று தாமரை பயந்தாள். எழுத்து வேறு என்று தான் சொன்னதே சரிதானா என்றும் சந்தேகம் வந்துவிட்டது.

மதுரையில் டாக்டர் கனகலட்சுமி முதலில் தண்ணீர் கொடுத்தார்.

“இது வேற கிருமிம்மா. ஆம்பள பொம்பள முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது ஒட்டும், அனேகமா தானாப் போயிரும். போகாம வருசக்கணக்குல தங்குனாத்தான் புற்றுநோயாகலாம். தம்ளர்ல எல்லாம் ஒட்டாது.”

“யாருகிட்ட இருந்து வந்ததுன்னு கேக்குறாகளே?”

“அது யாருக்கும் தெரியாது. வருசக்கணக்குல சத்தமில்லாமக் கிடக்கும். கேக்குறவர்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம்.”

சோதனை மேசையில் படுத்தாள். டாக்டர் மருந்து தடவி, கருவி வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“இப்ப ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் கட்டாயம் வரணும். வீட்டுல யாருக்காவது தீட்டு நின்னப்புறம் ரத்தம் பட்டா உடனே கூட்டிட்டு வாங்க.”

“ஊசி போட்டா போயிருமா?”

“உள்ள இருக்கிறத ஊசி விரட்டாது, இனிமே வராமத்தான் தடுக்கும். மகளுக்குப் போடுங்க, பதிமூணுதான? நல்ல வயசு.”

“அந்த ஊசி போட்டா புள்ள பிறக்காதுங்கிறாக.”

“அது புரளி. நம்பாதீங்க.”

வீட்டுக்கு வந்து தாமரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒச்சாயி நாரைக் கிழித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, தாமரை பாத்திரம் விளக்கும்போது துவைகல் பக்கம் வந்து நின்றாள்.

“அந்த டாக்டரம்மா ஏசுவாகளா?”

“எதுக்கு மதினி?”

“எனக்குத் தீட்டு நின்னு வருசமாச்சு. இப்பத் திரும்பப் படுது. ஒரே வாடை.”

தாமரை சட்டியைக் கீழே வைத்தாள். வெறும் வார்த்தைக்காக ஒரு தம்ளரைத் தள்ளி வைத்தவள், நிஜ ரத்தத்தைப் பழைய சேலைத் துணியில் சுருட்டி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கப்படச் சொல்லித்தான் இவளை வளர்த்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

“எம்புட்டு நாளா?”

ஒச்சாயி விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள்.

“காலையில மொத பஸ்ஸுக்குப் போறோம். கிளம்பியிருங்க.”

ஒச்சாயிக்கு நா வறண்டது. கைக்கு எட்டியது துவைகல்லில் இருந்த அந்தத் தம்ளர்தான். குடத்தில் மொண்டு குடித்தாள். தம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது.