சிவசாமி குடிக்கவில்லை

கோமளாவுக்கு வயிறு எரிந்தது. பீர் வாடையே ஆகாத புருஷனை ஊர் பார்க்கக் குடிகாரன் ஆக்கிவிட்டானே, அதுவும் அவள் கூடப்பிறந்த அண்ணன்!

பெம்பான் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி மகள் ஷாமினியைப் படிக்கவைத்தவர் சிவசாமி. சில வருஷமாக அவருக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும்; வாசலைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "மூளையில எப்பவும் ஒரு தாளம் ஓடும் ஆன்ட்டி. நடக்கணும்னு நினைச்சா அது அடங்கி வழி விடும். அங்கிளுக்கு அடங்க மாட்டேங்குது" என்றார் டாக்டரம்மா. முன்னால் ஏதாவது குறுக்கே இருந்தால் மட்டும் தாண்டிவிடுவார். வீட்டில் கோமளா தன் பாதத்தை நீட்டுவாள். அவர் அதைத் தாண்டி நடப்பார்.

ஷாமினிக்குப் பேசிய கிளேபாங் ஊர் மாப்பிள்ளை வீட்டாரிடம் வியாதியை முன்பே சொல்லிவிடலாம் என்றாள். தடுத்தவன் அண்ணன் வடிவேலு.

இன்று முகூர்த்த நேரம். தாரை வார்க்கப் பெண்ணின் அப்பாவை ஐயர் மைக்கில் கூப்பிட, சிவசாமி மண்டபக் கதவருகே உறைந்து நின்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வடிவேலு சம்பந்தியிடம் சிரித்தபடி, "ராத்திரி கொஞ்சம் ஓவரா போச்சு லா. நானே தாரை வார்க்கிறேன்" என்றான்.

கோமளா அவனை மறித்தாள். "ஏண்ணே இப்படிச் சொன்னே?"

"குடின்னா ஒரு நாள் பேச்சு. நரம்பு வியாதின்னா பரம்பரைன்னு பயந்து எழுந்து போயிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான்."

நன்றாயிருக்கிறது இவன் நியாயம்! பெத்தவர் உயிரோடு நிற்க, பெண்ணைத் தாரை வார்க்க இவன் யார்?

அவள் விறுவிறுவென்று கதவருகே போனாள். பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கி, கணவர் முன்னால் பாதத்தைக் குறுக்கே வைத்தாள்.

"புருஷனுக்குக் காலை நீட்டுறா பாரு" என்றது ஒரு குரல்.

"நீட்டத்தான் செய்வேன். இவருக்குப் பார்க்கின்சன், போதை இல்ல. எழுந்து போறவங்க இப்பவே போங்க."

சம்பந்தியம்மா எழுந்தார். போகத்தான் போகிறார் என்று நினைத்தாள் கோமளா. அந்த அம்மாவோ வழியில் கிடந்த நாற்காலியை இழுத்து ஒதுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

சிவசாமி பாதத்தைத் தாண்டினார். நின்றார். அவள் மறுபடி நீட்டினாள். அப்படியே மேடை வரை வந்துவிட்டார்கள்.

மேடையில் வடிவேலு செம்போடு தயாராக நின்றிருந்தான். முகம் செத்துப்போய் அதை நீட்டினான். சிவசாமி வாங்கவில்லை. அவர் குரலும் இப்போது சன்னம்தான், ஆனால் ஐயரின் மைக் பக்கத்திலேயே இருந்தது.

"நான் குடிக்கலன்னு முதல்ல சொல்லு மச்சான். அப்புறம் கொடு."

மண்டபம் முழுக்கக் கேட்டது.