நல்லா இருக்குதுங்கண்ணா

கதவோரத்து ரப்பரைச் சித்தப்பா மெல்ல உரித்தெடுத்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோவையில், பழைய கார்கள் விற்கும் ஒரு தரகரின் ஷெட். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டே கதவுகளுடன் தரையோடு தரையாகப் படுத்திருந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்ட நிமிடமே மனதுக்குள் அதை ஓட்டத் தொடங்கிவிட்டிருந்தேன். சித்தப்பா இடதுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே தெரிந்த இரும்புத் தூணை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கண்ணு, இங்க தொட்டுப் பாருங்க. பில்லரை அறுத்து வெல்டு வெச்சிருக்கறாங்க. நல்லா அடிபட்ட வண்டி. இன்னொருக்கா இந்தப் பக்கம் அடி வாங்குனா தாங்காதுங்க. இது நமக்கு வேண்டாம்."

தொட்டுப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் தழும்பு போல மேடு தட்டியது.

திருப்பூரில் அப்பாவுக்குப் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி இருந்தது. அதன் மெஷின்கள் அத்தனையும் அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பாவின் கையில். பெண்பிள்ளைக்குக் கார் எதற்கு என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தபோது, "எம்பொண்ணு கேட்டுட்டா, அவ்வளவுதானுங்க" என்று முடித்துவிட்டார் அப்பா. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தம்பி பார்த்து நல்ல வண்டி என்று சொல்ல வேண்டும். அதனால் அன்று எனக்கும் அந்தக் காருக்கும் நடுவே சித்தப்பாவின் ஒரு சொல்தான் நின்றது. கெஞ்சினேன், அழுதேன். அவர் அசையவில்லை. கடைசியில், "உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா வாங்கிக் குடுத்திருப்பீங்க" என்றேன்.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உரித்த ரப்பரை இருந்த இடத்திலேயே பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திவிட்டார். பிறகு போனை எடுத்து அப்பாவிடம், "வண்டி நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார். அவர் தன் அண்ணனிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டி வீட்டுக்கு வந்தபின் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். இடதுபக்க இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்கக் கூடாது. தோழிகள் ஏற வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன். வெளியூர் போவதென்றால் துணைக்கு அவரே வந்து அங்கே உட்கார்ந்துகொள்வார்.

நான்கு மாதம் கழித்து, தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். குண்டடம் தாண்டியதும் மழை பிடித்தது. "மெதுவாப் போங்க கண்ணு" என்று இரண்டு முறை சொன்னார். ரோடு காலியாக இருந்ததால் நான் கேட்கவில்லை. வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி சுழன்று, இடதுபக்கமாகப் புளியமரத்தில் மோதியது. அவர் சொன்ன இடத்திலேயே தூண் பிளந்தது. எனக்கு நெற்றியில் ஒரு சின்ன வெட்டு. அவருடைய இடுப்பெலும்பும் இடது கையும் நொறுங்கிப்போயின.

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலருகே நின்று கத்தினார். "நீ பாத்துட்டுத்தானடா சொன்னே? எம்புள்ள உசுரு போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றேன். சித்தப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமாங்கண்ணா, நான்தான் சரியாப் பாக்கலை" என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். வாய் திறக்கவில்லை.

அதன்பின் அப்பா தம்பியுடன் பேசவில்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு மெஷின் வேலை செய்யவும் முடியாது. சித்தி அவரைத் தன் பிறந்த ஊரான சோமனூருக்கே கூட்டிப்போய்விட்டார். அங்கே ஆறு வருடம், பெரும்பாலும் படுக்கையில். போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். பழங்களை வைத்துவிட்டுத் திரும்புவேன். போன ஆடியில் அவர் இறந்தார். உடலை எடுக்கும்வரை அப்பா தெருவிலேயே நின்றார், உள்ளே போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தெரியுங் கண்ணு. அவங் கண்ணுக்குத் தப்புமா? ஆஸ்பத்திரியில உம்மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்" என்றார். பிறகு, "பெத்த புள்ளையக் கோவிச்சுக்க முடியலை. தம்பியக் கோவிச்சுட்டேன்" என்றார். உண்மையைச் சொன்னால் ஏதாவது சரியாகும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அது அப்பாவுக்கும் தெரிந்தேயிருந்தது. தெரிந்தே நாங்கள் இருவரும் அவரைத் தனியாகச் சாகவிட்டிருக்கிறோம்.

சித்திக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. அவரிடம் சித்தப்பா எதையும் சொல்லவில்லை. போன வாரம் சோமனூர் போயிருந்தபோது, காபியைக் கையில் கொடுத்துவிட்டு என் நெற்றித் தழும்பைத் தடவினார். "அவரு மட்டும் அன்னைக்குக் கவனமாப் பாத்திருந்தா உங்களுக்கு இப்படி ஆகியிருக்காதுங்க கண்ணு. அவரை மன்னிச்சுக்கங்க" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சித்தி" என்றேன். காபியைக் குடித்தேன்.